விண்மீனை எந்தப் படியால் அளந்தீர்கள்?

2019ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் திருவாதிரை மங்கியது. மார்கழி வானில் செக்கச்செவேலென்று தெரியும் அந்த விண்மீனை வெறுங்கண்ணால் பார்த்தவர்களுக்கே வித்தியாசம் புலப்பட்டது. வெடிக்கப் போகிறதோ என்ற பேச்சு செய்தித்தாள்கள் வரை வந்தது. 2020 பிப்ரவரியில் மங்கல் அடிமட்டத்தைத் தொட்டது. எவ்வளவு மங்கியது என்ற கேள்விக்கு மட்டும் ஒரே பதில் கிடைக்கவில்லை. பச்சையும் மஞ்சளும் கலந்த ஒளியில் அளந்தவர்கள், வழக்கமான ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்றார்கள். அகச்சிவப்பில் அளந்தவர்கள் பெரிய மாற்றமில்லை என்றார்கள். ஒரே விண்மீன், அதே காலம். இரு தரப்பும் தப்பாக அளக்கவில்லை, அளந்த படிதான் வேறு வேறு.

லிட்டரும் கிலோவும் வருவதற்கு முன் நம் ஊர்களில் நெல்லையும் அரிசியையும் படியால் அளந்தார்கள். பட்டணம் படி ஓர் அளவு. அடுத்த ஊர்ச் சந்தையில் புழங்கிய படி வேறோர் அளவு. ‘பத்துப் படி அரிசி’ என்று மட்டும் எழுதிய பழைய கணக்கேடு இன்று கையில் கிடைத்தால் அது எத்தனை கிலோ என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த ஊர்ப் படி, தலைதட்டி அளந்ததா, குவித்து அளந்ததா என்ற குறிப்பும் கூடவே இருந்தால்தான் அந்தப் பத்துக்குப் பொருள் உண்டு. விண்மீன் ஒளியின் கணக்கும் இப்படித்தான். ஒளியை அளக்கும் கருவியான ஒளிமானி இரவு முழுவதும் எண்களைக் கொட்டுகிறது. அவற்றை விண்மீனைப் பற்றிய செய்தியாக மாற்றித் தருவது ஒரு கணினி நிரல். அந்த நிரலுக்கு எண்களைக் கொடுக்கும் முன் அளந்த படியை விவரித்தாக வேண்டும். இந்த விவரத்தை ஒளிமானியின் அமைப்புக் குறிப்பு என்று அழைப்போம். வானியல் நூல்கள் இதற்கு அரைப் பக்கம்கூட ஒதுக்குவதில்லை. ஒரு கண்டுபிடிப்பு நிற்பதும் விழுவதும் பல சமயம் இதை நம்பித்தான் இருக்கிறது.

விண்மீனின் ஒளியை வானியலாளர்கள் எப்படிக் குறிக்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். பொலிவெண் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடினால் விண்மீன் மங்கல். 5 பொலிவெண் வித்தியாசம் என்றால் ஒளி சரியாக 100 மடங்கு வேறுபடுகிறது. 1 பொலிவெண் என்றால் ஏறக்குறைய 2.512 மடங்கு. இந்த விதியை 1856இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். அவர் 1861இல் சென்னைக்கு வந்து மதராஸ் வானாய்வகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1891இல் இங்கேயே மறைந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் தென்வானின் ரெட்டிகுலம் கூட்டத்தில் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். அக்காலத்தில் அளவுகோல் கண்தான். ஓர் அனுபவசாலியின் கண் பத்தில் ஒரு பொலிவெண் வரை பிரித்தறியும். அந்தக் கண்ணின் உணர்திறனை எழுதிவைக்க வழி இருக்கவில்லை.

மின்சாரத்தால் ஒளியை அளக்கும் ஒளிமானி இந்தக் குறையைத் தீர்த்தது. அதில் ஒளி செல்லும் பாதையைத் தொடர்ந்து போனால் அமைப்புக் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். தொலைநோக்கியின் ஆடி ஒளியைக் குவிக்கிறது. குவியும் இடத்தில் சிறு துளையிட்ட தகடு ஒன்று இருக்கும். விண்மீனையும் அதைச் சுற்றிய கொஞ்சம் வானத்தையும் மட்டும் அது உள்ளே விடும். அடுத்து வருவது ஃபில்டர் என்கிற நிற வடிகட்டி. அதற்கும் அடுத்து ஒரு சிறிய வில்லை. பெரும்பாலோர் கவனிக்காத இந்த வில்லை மிக முக்கியமான வேலையைச் செய்கிறது. கடைசியில் இருக்கும் ஒளியுணர் பரப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உணர்வதில்லை. விண்மீனின் பிம்பம் காற்றின் அசைவால் துளைக்குள் அலைந்தால் எண்ணிக்கையும் அலையும். ஆகவே இந்த வில்லை விண்மீனின் பிம்பத்துக்குப் பதிலாகத் தொலைநோக்கியின் ஆடியின் பிம்பத்தை அந்தப் பரப்பின்மேல் வீழ்த்துகிறது. விண்மீன் துளைக்குள் எங்கே அலைந்தாலும் பரப்பில் ஒளி விழும் வட்டம் நகராது.

ஒளியுணர் பரப்பு, ஒளிபெருக்கிக் குழாயின் முகப்பு. ஒளித்துகள் ஒன்று அதன்மேல் மோதினால் ஓர் எலெக்ட்ரான் வெளியேற வாய்ப்பு உண்டு. குழாய்க்குள் ஆயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம். அந்த எலெக்ட்ரான் ஒரு தகட்டில் மோதிச் சிலவற்றைக் கிளப்ப, அவை அடுத்த தகட்டில் மோதி இன்னும் பலவற்றைக் கிளப்பும். ஒன்பது தகடுகளைத் தாண்டும்போது ஓர் எலெக்ட்ரான் பத்து லட்சம் அளவுக்குப் பெருகி, எண்ணக்கூடிய மின்துடிப்பாகிறது.

1953இல் ஹரால்ட் ஜான்சனும் வில்லியம் மார்கனும் யு, பி, வி என்ற மூன்று நிறப் பட்டைகளை வகுத்தார்கள். யு என்பது அண்மைப் புறஊதா, பி நீலம், வி நம் கண்ணுக்கு நெருக்கமான பச்சை-மஞ்சள். இந்த முறைதான் இன்றைய விண்மீன் ஒளியளவியலுக்கு அடிப்படை. நடைமுறையில் அந்த மூன்று பட்டைகளை வரையறுத்தது ஒரு குறிப்பிட்ட கருவிதான்: 1பி21 என்ற ஆர்சிஏ நிறுவனத்தின் ஒளிபெருக்கிக் குழாய், கார்னிங், ஷாட் நிறுவனங்களின் குறிப்பிட்ட எண்ணுள்ள கண்ணாடிகள், அலுமினியம் பூசிய ஆடி. யு பட்டையின் ஒரு விளிம்பைத் தீர்மானிப்பதில் காற்றுமண்டலத்துக்கும் பங்கு உண்டு. வேறு குழாய், வேறு கண்ணாடி, வேறு உயரத்தில் உள்ள மலை என்று மாறினால் படியும் மாறிவிடுகிறது. உங்கள் படியில் அளந்ததை ஜான்சனின் படிக்கு மாற்றித் தருவதே நிரலின் வேலை.

அப்படிப்பட்ட நிரல்களில் நான் மிகவும் மதிப்பது ‘பெப்சிஸ்’. மியூனிக் நகரை அடுத்த கார்ஷிங்கில் தலைமையகம் கொண்ட ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் உருவாக்கிய மைடாஸ் என்ற மென்பொருள் தொகுப்பில் அது இடம்பெற்றது. எழுதியவர் ஆண்ட்ரூ யங். ஒளியளவியலின் பிழைகளை ஆராய்வதற்கே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்த அமெரிக்க வானியலாளர் அவர். நிரலுக்கு வேண்டிய தகவல்கள் தனித்தனி அட்டவணைகளாகப் பிரிக்கப்பட்டன. விண்மீன்கள் ஓர் அட்டவணை, தொலைநோக்கி இருக்கும் இடம் ஒன்று, கருவி ஒன்று, இரவில் எடுத்த எண்கள் ஒன்று. விண்மீன் மாறினால் கருவி அட்டவணையைத் தொட வேண்டாம். குழாயை மாற்றினால் விண்மீன் அட்டவணையைத் தொட வேண்டாம். ஒரு வானாய்வகம் தன் ஒளிமானியை ஒருமுறை சரியாக விவரித்து வைத்தால் அங்கே வரும் எல்லோரும் அதைப் பயன்படுத்தலாம்.

நிரல் கேட்கும் சில கேள்விகள் முதல் பார்வைக்கு வேண்டாதவையாகத் தோன்றும். தொலைநோக்கியின் விட்டம் எதற்கு? விண்மீன் காற்றால் மினுக்குகிறது. ஆடி பெரிதானால் அந்த மினுக்கம் சராசரியாகித் தணியும். மலை உயரமானாலும் தணியும். மினுக்கத்தால் எவ்வளவு பிழை வரும் என்பதை விட்டத்தையும் உயரத்தையும் வைத்து மதிப்பிடும் முறையை 1960களில் உறுதிசெய்தவர்களில் யங்கும் ஒருவர். அது தெரிந்தால்தான் ஒவ்வோர் எண்ணையும் எவ்வளவு நம்பலாம் என்று நிரல் முடிவுசெய்ய முடியும். உயரம் இன்னொன்றுக்கும் தேவை. விண்மீன் தலைக்கு நேர்மேலே இருக்கும்போது கடக்கும் காற்றைப்போல இரு மடங்கு காற்றை, உச்சியிலிருந்து 60 பாகை சரிந்திருக்கும்போது அதன் ஒளி கடக்கிறது. ஒளி அதற்கேற்பக் குறைகிறது. நீலம் அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும். ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூர் வானாய்வகத்தில் இந்த இழப்பு ஓர் அளவு. சிலி நாட்டில் ஏறக்குறைய 2400 மீட்டர் உயரத்திலுள்ள லா சியா வானாய்வகத்தில் அது வேறு.

ஃபில்டருக்கு வைக்கும் பெயர் அடுத்த சங்கடம். ஜான்சனின் பெரிய எழுத்து ‘வி’ ஏறக்குறைய 550 நானோமீட்டரை மையமாகக் கொண்டது. 1950களில் பெங்ட் ஸ்ட்ரோம்கிரன் வகுத்த நான்கு குறுகிய பட்டைகளில் சிறிய எழுத்து ‘வி’ என்று ஒன்று உண்டு. அது 411 நானோமீட்டரில் இருக்கும் ஊதா. கையால் எழுதிய குறிப்பேட்டில் இரண்டையும் வேறுபடுத்துவது எழுத்தின் உயரம் மட்டுமே. மனிதர் பார்த்தால் ஊகித்துக்கொள்வார். நிரல் ஊகிக்கக் கூடாது, ஊகிக்கும் நிரலை நம்பவும் கூடாது. அமைப்புக் குறிப்பில் எந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறதோ எண்களின் பக்கத்திலும் அதே பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும் என்ற கண்டிப்பு இதனால்தான்.

இந்தச் சங்கடங்களில் எனக்கு மிகப் பிடித்தது செங்கசிவு. யு ஃபில்டர் என்பது கறுப்புக்கு நெருக்கமான ஒரு கண்ணாடி. புறஊதாவை விடுகிறது, கண்ணுக்குத் தெரியும் நிறங்களைத் தடுக்கிறது. ஆனால் 700 நானோமீட்டரை ஒட்டிய அடர்சிவப்பில் மறுபடியும் சிறு கதவு திறந்துகொள்கிறது. அந்தக் கண்ணாடியின் வேதியியல் அப்படி. ஜான்சன் பயன்படுத்திய 1பி21 குழாய்க்குச் சிவப்பில் உணர்வு மிகக் குறைவு. அதனால் கசிவு பெரும்பாலும் தொல்லை தரவில்லை. மிகச் சிவந்த விண்மீன்களுக்கு மட்டும் திருத்தம் தேவைப்பட்டது. பிறகு காலியம் ஆர்சனைடு முகப்புடைய குழாய்கள் வந்தன. 850 நானோமீட்டரைத் தாண்டியும் அவை நன்றாக உணரும். அதே கண்ணாடியை இந்தக் குழாயின் முன் வைத்தால் அது வேறு ஃபில்டர் ஆகிவிடுகிறது. யு என்று பெயர் எழுதியிருக்கும், உள்ளே வருவதில் ஒரு பங்கு சிவப்பாக இருக்கும்.

திருவாதிரையையே எடுத்துக்கொள்வோம். அதன் யு பொலிவெண் வி பொலிவெண்ணைவிட ஏறக்குறைய 4 அதிகம். குளிர்ந்த செந்நிற விண்மீன் ஆகையால் அடர்சிவப்பில் அது கொட்டும் ஒளி, புறஊதாவில் கொடுப்பதைப்போல நூறு மடங்குக்கும் மேல். சிவப்பில் நூறில் ஒரு பங்கு கசிந்தாலே போதும். உண்மையான புறஊதா எண்ணிக்கைக்குச் சமமாகப் பொய் எண்ணிக்கை சேர்ந்துவிடும். விண்மீன் முக்கால் பொலிவெண் கூடுதல் ஒளியோடு இருப்பதாகத் தோன்றும். வெப்பமான நீல விண்மீனை அதே கருவியால் பார்த்தால் கசிவு கண்ணுக்கே தென்படாது. நீல விண்மீன்களைக் கொண்டு கருவியைச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர் செந்நிற விண்மீனில் ஏமாந்துபோவார்.

கசிவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வழி எளிது, அழகும்கூட. யு கண்ணாடியோடு இன்னொரு கண்ணாடியைச் சேர்த்து வைக்கிறார்கள். அந்த இரண்டாவது கண்ணாடி புறஊதாவையும் நீலத்தையும் அடியோடு தடுக்கும், சிவப்பைத் தாராளமாக விடும். இரண்டும் சேர்ந்தால் எதுவும் கடக்கக் கூடாது. அப்படியும் எண்ணிக்கை வந்தால் அது கசிவு. அந்த இணையை அமைப்புக் குறிப்பில் தனி ஃபில்டராகப் பதிந்து, இது யு ஃபில்டரின் கசிவை அளப்பது என்று சொல்லிவிட்டால், நிரல் ஒவ்வொரு செந்நிற விண்மீனிலும் அதைத் தானே கழித்துக்கொள்ளும். சொல்லாவிட்டால் அதுவும் ஏதோ ஒரு நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். சிலர் செப்பு சல்பேட்டைக் கொண்டு அந்தக் கதவையே அடைத்தார்கள். அப்போதும் குறிப்பில் எழுதித்தான் ஆக வேண்டும், புறஊதா விளிம்பும் அதனால் கொஞ்சம் மாறுகிறது.

ஒளி மிகுதியாலும் ஒரு பிழை வருகிறது. ஒரு துடிப்பை எண்ணி முடிக்க மின்சுற்றுக்குச் சிறு நேரம் வேண்டும். அந்த இடைவெளிக்குள் வரும் இன்னொரு துடிப்பு கணக்கில் ஏறாது. இதை முடங்கு நேரம் எனலாம். அது 50 நானோவிநாடி என்று வைத்துக்கொண்டால், விநாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு வரும்போது நூற்றுக்கு 5 தொலைந்துபோகிறது. மங்கலான விண்மீனுக்கு இழப்பு இல்லை, பிரகாசமானதற்கு உண்டு. ஆக ஒளி மிகுந்த விண்மீன்கள் எல்லாம் உள்ளதைவிட மங்கலாகப் பதிவாகும். முடங்கு நேரத்தை அறிய, தொலைநோக்கியின் வாயில் துளைகள் இட்ட மறைப்பை வைத்து ஒளியை ஒரே விகிதத்தில் குறைத்து, பிரகாசமான விண்மீனையும் மங்கலான விண்மீனையும் மறைப்போடும் மறைப்பின்றியும் அளப்பார்கள். விகிதம் இரண்டிலும் ஒன்றாக வர வேண்டும். பிரகாசமானதில் விகிதம் சுருங்கியிருந்தால் அந்தச் சுருக்கத்திலிருந்து முடங்கு நேரம் கிடைத்துவிடும்.

இந்த இழப்பைத் தவிர்க்கச் சாம்பல் நிறக் கண்ணாடியை முன்னால் வைத்து ஒளியைக் குறைப்பவர்களும் உண்டு. எல்லா நிறத்தையும் சமமாகக் குறைப்பது என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். உண்மையில் எந்தச் சாம்பல் கண்ணாடியும் முற்றிலும் நடுநிலையானதல்ல. நீலத்தைக் கொஞ்சம் கூடுதலாகவோ சிவப்பைக் கொஞ்சம் கூடுதலாகவோ விழுங்கும். அதனால் வி ஃபில்டரும் சாம்பல் கண்ணாடியும் சேர்ந்தால் அதை வி என்று எழுதாமல் தனி இணையாகவே குறிக்க வேண்டும்.

வெப்பநிலையையும் நிரல் கேட்கிறது. வண்ணக் கண்ணாடி சூடேறினால் அது ஒளியை வெட்டும் விளிம்பு நீண்ட அலைநீளத்தை நோக்கி நகரும். குழாயின் முகப்பும் சிவப்பு ஓரத்தில் வெப்பநிலைக்கேற்ப மாறும். மாலையில் தொடங்கி விடியும்வரை மலையில் குளிர் கூடிக்கொண்டே போகும். படியின் வாயும் சிறுகச் சிறுக மாறிக்கொண்டே போகும். குழாயும் ஃபில்டரும் நிலையான வெப்பத்தில் காக்கப்படுகின்றனவா, அல்லது வெளிக்காற்றோடு மாறுகின்றனவா என்பது தெரிந்தால்தான் வெப்பநிலைக்கான திருத்தத்தைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று நிரல் தீர்மானிக்கும்.

இதெல்லாம் பழைய ஒளிபெருக்கிக் குழாய்களின் கவலை, இன்றைய டிஜிட்டல் உணரிகளுக்குப் பொருந்தாது என்று நினைப்பவர்கள் ஸ்லோன் வான் கணக்கெடுப்பின் கதையைக் கேட்க வேண்டும். நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயின்ட்டில் 2.5 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்திய பெரிய கேமராவுக்கு ஐந்து நிறப் பட்டைகளை மிகக் கவனமாக வகுத்தார்கள். 1996இல் வரையறையும் வெளியானது. அதே வடிவமைப்பில் செய்த ஃபில்டர்களைச் சாதாரணக் காற்றில் இயங்கிய தொலைநோக்கிகளிலும் பொருத்தி ஒப்பீட்டு விண்மீன்களை அளந்தார்கள். கேமராவுக்குள் ஃபில்டர்கள் இருந்தது வெற்றிடத்தில். அவற்றின்மேல் பூசியிருந்த மெல்லிய படலங்கள் காற்றில் இருக்கும்போது ஈரப்பதத்தைப் பிடித்துவைத்திருக்கும். வெற்றிடத்தில் அந்த ஈரம் வெளியேறியதும் சில பட்டைகளின் விளிம்பு நீலத்தை நோக்கி நகர்ந்துவிட்டது. ஒரே வரைபடத்தில் பிறந்த ஃபில்டர்கள் இரண்டு படிகளாகிவிட்டன. அதன் விளைவாக இன்றும் இரண்டு பெயர்த் தொகுதிகள் புழங்குகின்றன. ஒன்றில் எழுத்தின் வலப்பக்கம் மேலே ஒரு சிறு கோடு இருக்கும், மற்றதில் இருக்காது. அந்தக் கோட்டைக் கவனிக்காமல் இரண்டையும் கலந்தால் விண்மீனின் நிறமே தவறாகும்.

கருவியின் அமைப்பு மாறினால் கணக்கின் போக்கே மாறும் இடங்களும் உண்டு. லா சியாவில் டென்மார்க் நாட்டின் 50 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் ஸ்ட்ரோம்கிரனின் நான்கு பட்டைகளையும் ஒரே நேரத்தில் அளக்கும் ஒளிமானி இருந்தது. ஒளியை நிறமாலையாக விரித்து, வேண்டிய நிறங்களை மட்டும் வெவ்வேறு குழாய்களுக்கு அனுப்பும் ஏற்பாடு அது. ஒரே குழாயின் முன் ஃபில்டர்களை ஒவ்வொன்றாக மாற்றும் ஒளிமானியில், மெல்லிய மேகம் ஒன்று இடையில் கடந்தால் அந்த அளவீடு போயிற்று. நான்கும் ஒரே கணத்தில் பதிவானால், மேகம் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால், நிறங்களுக்கிடையிலான வித்தியாசம் தப்பித்துக்கொள்ளும். ஆனால் நான்கு குழாய்களுக்கும் நான்கு முடங்கு நேரம், நான்கு உணர்திறன். ‘இவை ஒரே நேரத்தில் எடுத்தவை, ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய்’ என்ற இரண்டு தகவலும் இல்லாமல் நிரலால் இந்த நன்மையைப் பயன்படுத்த முடியாது.

நம் மண்ணில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் எஸ்ஏஓ 158687 என்ற விண்மீனை மறைக்கவிருந்தது. ஜவ்வாது மலையின் காவலூரில் 1972இல் நிறுவிய 1 மீட்டர் தொலைநோக்கியோடு ஒளிமானியைப் பொருத்தி, ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தார்கள். கோளின் விளிம்பு எட்டுவதற்கு முன்பே ஒளி சில விநாடிகள் சரிந்து மீண்டது. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். இந்தியப் பெருங்கடலின்மேல் பறந்த அமெரிக்க விமான ஆய்வகத்தில் ஜேம்ஸ் எலியட் குழுவினரின் ஒளிமானி இப்படிப்பட்ட சரிவுகள் பலவற்றைக் கோளின் இரு புறத்திலும் பதிவுசெய்தது. யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. எலியட் குழுவின் ஒளிமானியில் மூன்று நிறப் பட்டைகள் ஒரே நேரத்தில் ஓடின. யுரேனசின் மீத்தேன் வாயு சூரிய ஒளியை விழுங்கிவிடும் செந்நிறப் பகுதிகளை அவற்றில் சேர்த்திருந்தார்கள். அந்த நிறத்தில் கோள் இருண்டு, விண்மீன் எடுப்பாகத் தெரியும். காவலூர்ப் பதிவு அந்தக் கண்டுபிடிப்புக்கு இன்னோர் இடத்திலிருந்து கிடைத்த சாட்சியாக நின்றது. நேரமும் இடமும் கருவியும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்ததால்தான் அதைப் புதிய விளக்கத்தோடு பொருத்திப் பார்க்க முடிந்தது. விளக்கம் மாறினாலும் அளவு பிழைக்கவேண்டும். அதற்குக் காப்பு அமைப்புக் குறிப்பே.

திருவாதிரையின் மங்கலிலும் இதற்குச் சான்று உண்டு. ஜப்பானின் ஹிமாவாரி-8 வானிலைச் செயற்கைக்கோள் பூமியின் மேகங்களைப் படம் எடுப்பதற்காக அனுப்பப்பட்டது. அதன் படங்களில் பூமியின் ஓரத்தை அடுத்த இருட்டில் திருவாதிரையும் அவ்வப்போது விழுந்திருந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் பல ஆண்டுப் படங்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். விண்மீனின் மேற்பரப்பு குளிர்ந்ததும் தூசு மறைத்ததும் சேர்ந்தே மங்கலுக்குக் காரணம் என்பது அந்த முடிவு. வானிலைக்காக எடுத்த படம் விண்மீன் ஆய்வுக்கு எப்படி உதவியது? அந்தக் கருவியின் 16 பட்டைகளும் எந்த அலைநீளத்தில் எவ்வளவு உணர்கின்றன என்ற விவரம் முழுதாகப் பதிவாகிப் பொதுவில் இருந்தது. யாரோ ஒரு பொறியாளர் வேறு நோக்கத்துக்காக எழுதிவைத்த குறிப்பு, அவர் எண்ணியும் பாராத கேள்விக்கு விடை தந்தது.

இன்று வானியல் படங்கள் பெரும்பாலும் ஃபிட்ஸ் என்ற கோப்பு வடிவில் சேமிக்கப்படுகின்றன. 1981இல் விவரிக்கப்பட்டு 1982இல் உலக வானியல் ஒன்றியம் ஏற்ற வடிவம் அது. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் 80 எழுத்து கொண்ட வரிகளில் தொலைநோக்கி, கருவி, ஃபில்டர், ஒளி விழுந்த நேரம் ஆகியவற்றை எழுதலாம். வசதி இருக்கிறது, நிரப்புவது மனிதர் கையில். ஃபில்டர் என்ற இடத்தில் ‘2’ என்று மட்டும் எழுதிய கோப்புகள் ஏராளம். சுழல் சக்கரத்தின் இரண்டாவது குழி என்று அதற்குப் பொருள். அன்று அந்தக் குழியில் எந்தக் கண்ணாடி இருந்தது என்று தெரிந்தவர் பணிமாறிப் போயிருப்பார். அந்த இரவின் உழைப்பு முழுவதும் ஊர்ப் பெயர் இல்லாத பத்துப் படி அரிசியாகிவிடும். இப்படிப்பட்ட தலைப்பைப் படிக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. வானம் அந்த இரவை மறுபடி தராது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இப்போது பல மாணவர்கள் சிறு தொலைநோக்கியோடும் டிஎஸ்எல்ஆர் கேமராவோடும் மாறொளி விண்மீன்களை அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் கவனிப்பாளர் சங்கம் உலகெங்கிலுமிருந்து இத்தகையவர்களின் எண்களைப் பெற்றுக்கொள்கிறது. பெறும்போதே எந்தப் பட்டை என்று கேட்கிறது. கேமராவின் பச்சைப் புள்ளிகளைக் கொண்டு அளந்தால் அதற்கு ‘டிஜி’ என்று தனிக் குறியீடு. ஃபில்டரே இல்லாமல் எடுத்து வி பொலிவெண்ணோடு ஒப்பிட்டால் ‘சிவி’. கேமராவின் பச்சை ஜான்சனின் வி பட்டைக்கு நெருங்கியதுதான், ஆனால் அதுவே அல்ல. செந்நிற விண்மீன்களில் வித்தியாசம் தலைகாட்டும். ‘ஏறக்குறைய வி’ என்று எண்ணி வி என்றே எழுதிவிடாதீர்கள். டிஜி என்று நேர்மையாக எழுதிய சுமாரான அளவை எதிர்காலத்தில் ஒருவர் திருத்திப் பயன்படுத்த முடியும். வி என்று தவறாக எழுதியதை யாராலும் மீட்க முடியாது.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தை அன்றைய விண்மீனுக்குக் கொடுக்காமல் கருவிக்குக் கொடுங்கள். தொலைநோக்கியின் விட்டம், இடத்தின் உயரம், கேமராவின் பெயர், உணரியின் வெப்பநிலை, ஃபில்டரின் தயாரிப்பாளரும் எண்ணும், எல்லாவற்றையும் முழுச் சொற்களில் எழுதுங்கள். எதையாவது மாற்றினால் பழைய வரியை அழிக்காமல் மாற்றிய தேதியோடு புதிய வரியைச் சேருங்கள். அதன் பிறகு அளக்கத் தொடங்குங்கள்.